எல்லைக்கல்லும் செயற்கைக்கோளும்

நிலப்படத்தில் ஒரு கோடு இழுக்கப்பட்டிருப்பின், அக்கோடு நிலத்தின்மேலும் அவ்விடத்திலேயே கிடக்கின்றதென்று நம்பிவிடுதல் மாந்தர் இயல்பு. அச்சிட்ட எழுத்தையும் ஐயுற்று நோக்கப் பழகிய தமிழ் மாணவர் யாம். பாடவேறுபாடு ஆராயாமல் ஒரு செய்யுளுக்கு உரைகாண முற்படோம். அத்தகைய யாமும் நிலப்படத்தின் முன் மட்டும் ஐயுறவைக் கழற்றி வைத்துவிட்டோம். அதன் பயனாகச் சென்ற கோடை விடுமுறையில், சுரண்டையில் எம் ஆச்சியின் தோட்டத்திற்கு மூன்று வாரம் தண்ணீர் இல்லாமற் போயிற்று. வெண்டையும் கத்தரியும் வாடின. குற்றம் எம்முடையதே. ஆதலின் அதனை மறையாது ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் விடுதியில் அடுத்த அறையில் வாழும் நண்பர் ஒருவர் புவியியல் பயில்பவர். புவித்தகவல் முறைமை என்னும் சொல்லை முதன்முதல் அவர் வாயிலாகவே கேட்டோம். ஓரிடத்தைப் பற்றிய செய்திகளையெல்லாம், மண் வேறு, நீர் வேறு, சாலை வேறு, உடைமை வேறு எனத் தனித்தனி ஏடுகளாக வரைந்து, அவ்வேடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி ஊடுருவிப் பார்ப்பது போன்றதொரு கணிப்பொறி ஏற்பாடு அது. 1960-களில் கனடா நாட்டில் ரோஜர் டாம்லின்சன் என்பார் அந்நாட்டு நிலவளத்தைக் கணக்கெடுக்கும் பொருட்டு இதனைத் தொடங்கிவைத்தார். இன்று அரசின் துறைகள் முதல் உணவு கொண்டுவந்து தரும் இளைஞர் வரை அதனைப் பயன்கொள்ளாதார் அரியர்.

ஆயினும் அம்முறைமை தானாக ஒன்றும் அறியாது. அது ஒரு பத்தாயம்; யார் எதைக் கொட்டினாரோ அதுவே உள்ளிருக்கும். நில அளவரின் சங்கிலியும், வானூர்தியிலும் ஆளில்லா விமானத்திலும் எடுத்த ஒளிப்படமும், செயற்கைக்கோளின் கண்ணும், ஒளிக்கற்றையை வீசி அது மீளும் காலத்தால் மேடுபள்ளம் அறியும் லைடார் கருவியும், கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய படங்களை நகலெடுத்து எண்களாக மாற்றும் எழுத்தரின் விரல்களும், வீடுவீடாகச் சென்று கேட்டெழுதும் கணக்காளரின் தாளும் என, அதற்குத் தவசம் கொண்டுவரும் வண்டிகள் பல. பத்தாயத்தைப் புகழ்வோர் வண்டிகளை மறந்துவிடுகின்றனர். யாமும் மறந்தோம்.

முதலில் எமக்கு நேர்ந்தது ஒரு வெற்றி. அதுவே பின்வந்த தோல்விக்கு வித்து. நண்பருக்குக் குளங்களைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதவேண்டியிருந்தது. சுரண்டையைச் சுற்றிக் குளங்களுக்குக் குறைவில்லை என்று சொல்லி, ஏப்பிரல் மாத இறுதியில் அவரை எம் ஊருக்கு அழைத்துச் சென்றோம். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் திருநெல்வேலியினின்று பிரிந்து அமைந்த தென்காசி மாவட்டத்தில், வீரகேரளம்புதூர் வட்டத்தைச் சேர்ந்தது எம் ஊர். மேற்கே மலைத்தொடர்; அதன் கணவாய் வழியே வரும் காற்றுக்குச் சுழலும் காற்றாலைகள்; குற்றாலத்தில் அருவியாய் வீழ்ந்து சிற்றாறு வரும் திசையும் அதுவே. மழை மலையில் நின்றுவிட, எம் பக்கத்துக் கரிசலும் செம்மண்ணும் குளத்தை நம்பி வாழ்வன.

நண்பர் தம் கணிப்பொறியில் ஐரோப்பியரின் சென்டினல்-2 என்னும் செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் காட்டினார். 2015-ஆம் ஆண்டு முதல் விண்ணில் இயங்கும் இவ்வினத்துக் கோள்கள் இரண்டு சேர்ந்து, ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே நிலத்தைப் பார்க்கின்றன. படத்தை எவரும் விலையின்றிப் பெறலாம். நம் நாடும் 1988-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் ஐ.ஆர்.எஸ்-1ஏ என்னும் தொலையுணர்வுக் கோளை ஏவியது முதல் இத்துறையில் பின்தங்கியதில்லை. இக்கோள்கள் நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரையும் காண்கின்றன. பச்சிலை அக்கதிரை மிகுதியாகத் திருப்பியனுப்பும். நீரோ அதனை விழுங்கிவிடும். ஆகவே படத்தில் நீர் கருத்தும் பயிர் ஒளிர்ந்தும் தோன்றும். இவ்வளவும் கேட்டு வியந்தோம். ஆனால் அப்படத்தின்படி எம் ஊருக்கு அணித்தேயுள்ள குளம் ஒன்றில் பாதிக்குமேல் நீரில்லை. அங்கே செழித்த பயிர் இருந்தது!

இருவரும் கரைமேல் நடந்து சென்றோம். நீர் நிரம்பவே இருந்தது. அதன்மேல் ஆகாயத்தாமரை கம்பளம் விரித்தாற்போல் மூடிக் கிடந்தது. ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆளுயரம் வளர்ந்திருந்தது. கோள் பொய் சொல்லவில்லை. அது இலையைக் கண்டு இலையென்றது. இலைக்குக்கீழ் இருப்பதை அது அறியாது. மடையருகே துணி வெளுத்துக்கொண்டிருந்த மூதாட்டியார் ஒருவர், நாங்கள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு கரையளப்பதைக் கண்டு, "குளத்தையா தம்பி தேடுகிறீர்கள்? இதுதான் குளம்" என்றார். நண்பர் அதனைத் தம் ஆய்வேட்டில் எழுதினாரோ இல்லையோ, யாம் மறந்திலோம்.

கைப்பேசியோடு கரைசுற்றி வந்து குளத்தின் எல்லையைத் திருத்தியபோது, எமக்கு உண்டான செருக்கு சிறிதன்று. விண்ணிலிருந்து பார்ப்பதன் பிழையை எம் கால்கள் திருத்தின அல்லவோ! நண்பர் கல்லூரிக்குத் திரும்பினார். யாமோ அக்கருவியோடும் அச்செருக்கோடும் ஊரிலேயே தங்கினோம்.

ஆச்சிக்கு ஊருக்கு வடக்கே ஒரு தோட்டம் உண்டு. ஒன்றேகால் ஏக்கர். தாத்தா காலத்தில் வாங்கியது. அதற்கு மேற்கே உள்ள தோட்டம் வேறொருவருடையது. அவர் எமக்கு உறவினர் அல்லர். ஆயினும் பேச்சுப் பழகிய நாள் முதல் அவரை மாமா என்றே அழைத்து வருகின்றோம். இரண்டு தோட்டங்களுக்கும் இடையில் ஒரு முள்வேலி. வேலிக்கு மிக அருகாக அவருடைய கிணறு. எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றிப் பல ஆண்டுகள் ஆயின. மாமாவின் கிணற்றிலிருந்தே ஆச்சிக்கு வாரம் இருமுறை தண்ணீர் வரும். அதற்கு எழுத்தும் இல்லை, விலையும் இல்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் அங்கே போகும், பொங்கல் கரும்பு இங்கே வரும், அவ்வளவே.

ஒரு நாள் மாலை, வேடிக்கையாகவே, கைப்பேசியில் எம் தோட்டத்தின் எல்லைகளைத் திறந்து பார்த்தோம். புல எண்வாரியாகக் கோடுகள் செயற்கைக்கோள் படத்தின்மேல் விழுந்திருந்தன. மேற்கெல்லைக் கோடு வேலியின்மேல் விழவில்லை. வேலியையும் தாண்டி, மாமாவின் தோட்டத்துள் ஆறு மீட்டர் அளவு சென்று, கிணற்றின் நடுவே ஓடியது. எம் இருப்பிடத்தைக் காட்டும் நீலப்புள்ளியோடு அக்கோட்டின்மேல் நடந்து பார்த்தோம். ஐயமேயில்லை; கிணற்றில் பாதி எங்களுடையது.

அன்றிரவே அதனை வாய்மூடி வைத்திருந்திருக்கலாம். வைத்திலோம். சித்தப்பாவுக்குக் காட்டினோம். சித்தப்பா நல்லவர், ஆனால் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணிவிட்டால் நல்லவர் அல்லர். மறுநாள் காலை வேலியருகே நின்று அவர் பேசிய பேச்சையும், மாமா மறுமொழி சொல்லாமல் எம்மை ஒருமுறை நோக்கிய நோக்கையும் ஈண்டு விரித்தெழுத நாணுகின்றோம். அந்த வாரம் மோட்டார் ஓடிற்று. தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலையில் தெருக்குழாயில் பிடித்த நீரை இரண்டு குடமாகச் சுமந்துபோய் வெண்டைக்கு ஊற்றத் தொடங்கினார்கள். எழுபத்தாறு வயது! யாம் குடத்தை வாங்கிச் சுமந்தோம். அது எம் மனச்சுமையைக் குறைக்கவில்லை.

நில அளவுக்கு விண்ணப்பம் கொடுத்தவர் சித்தப்பா. முன்னறிவிப்பு இருவர்க்கும் வந்தது. மூன்றாம் வாரத்தில் நில அளவர் வந்தார். இளைஞர்; எம்மைவிட ஐந்தாறு வயதே மூத்தவர் போலும். யாம் நீட்டிய கைப்பேசியை அவர் ஒரு முறை பார்த்துத் திருப்பித் தந்துவிட்டு, "இது வழி கேட்கப் போதும், வழக்குக்குப் போதாது" என்றார். பின்பு தம் பையிலிருந்து புலப்படத்தின் நகலை எடுத்து வரப்பின்மேல் விரித்தார். அளவெடுப்பதற்கு இடையிடையே அவர் எமக்குக் கூறியவற்றையும், பின்னர் நண்பரிடம் கேட்டறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகின்றோம்.

சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டு நில அளவைத் துறை அமைந்தது. புலப்படம் அத்துறையின் வழிவந்த செல்வம். புலத்தின் மூலைக் கற்களை நேர்கோடுகளால் இணைத்து முக்கோணங்களாக்கி, வரப்பு வளையும் இடங்களுக்கெல்லாம் அக்கோட்டிலிருந்து செங்குத்தாக அளந்து எழுதுவது அதன் முறை. அளந்த கருவி அறுபத்தாறடி நீளமும் நூறு கண்ணியும் உடைய இரும்புச் சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் ஆகும். 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் ஏக்கர் போய் ஹெக்டேர் வந்தது. அதன்பின் அப்படங்களே கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. இப்பொழுது எவரும் தம் புலப்படத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நல்லதே. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. புலப்படத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே எத்தனை தூரம் என்பது இருக்கும். அக்கல் உலகத்தில் எவ்விடத்தது என்பது இராது. அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் அதற்குத் தெரியா. ஒவ்வொரு புலமும் தன்னளவில் செம்மையான ஒரு தனிப்பாட்டு. அவற்றைத் தொகுத்து ஒரு நூலாக்கி, செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்த முயலும்போது, ஓரிடத்தில் இடைவெளி விழும். ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நிலத்தில் உறுதியான சில புள்ளிகளை அளந்து அவற்றோடு முடிந்தாலன்றி, தொகுப்பு முழுவதும் சில மீட்டர் வழுக்கி நிற்றல் இயல்பு. யாம் கண்ட கோடு அவ்வாறு வழுக்கியதே. போதாக்குறைக்கு, அடியில் கிடந்த செயற்கைக்கோள் படமும் தன் பங்குக்குச் சற்று விலகியிருக்கக்கூடும்.

எம் நீலப்புள்ளியோ? அதுவும் நேர்மையான சான்று அன்று. ஜி.பி.எஸ். கோள்கள் இருபதினாயிரம் கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. கோள் தன் நேரத்தைச் சொல்லிக்கொண்டே செல்கிறது. அச்சொல் நம்மிடம் வந்துசேரும் காலத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகிறது. நம் கைக்கருவியின் கடிகாரம் அத்துணைச் செம்மையுடையதன்று; ஆகவே இடத்தை அறிய மூன்று கோளும், நேரத்தைத் திருத்த நான்காவது ஒன்றும் வேண்டும். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கு தவறினால், தூரம் ஓரடி தவறும். கைப்பேசி திறந்த வெளியிலும் மூன்று நான்கு மீட்டர் பிழைபட இடமுண்டு; மரத்தடியிலும் சுவரோரத்திலும் இன்னும் மிகுதி. இதில் நம் நாட்டுத் தென்கோடிக்கே உரிய ஓர் இடரும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இப்பக்கத்துக்கு அருகாகவே செல்கிறது. தும்பாவில் 1963-ஆம் ஆண்டு ஏவுகணைத் தளம் அமைத்ததும் அது கருதியே. திருநெல்வேலியில் புவிக்காந்தவியல் ஆய்வுக்கூடம் இருப்பதும் அது கருதியே. அக்கோட்டை ஒட்டிய வானில் மின்னேற்றமுற்ற படலம் பிற இடங்களினும் கொந்தளிப்புடையது. கோளின் சொல் அதனூடே வருங்கால் தாமதப்படும். நம் பக்கத்தில் நீலப்புள்ளியை நம்புவோர் இதனையும் எண்ணுதல் நன்று.

நில அளவரும் கோளையே நம்பினார். ஆனால் தனித்த கோளை நம்பவில்லை. அவர் கொணர்ந்த கோலின் தலையில் காளான் குடை போன்ற ஓர் ஏற்பி இருந்தது. இடம் நுட்பமாக அறியப்பட்ட நிலையங்கள் நாட்டில் ஆங்காங்கே அமைந்து இரவும்பகலும் அதே கோள்களைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நிலையம் தான் இருக்குமிடத்தை அறியும். கோள் சொல்வதையும் கேட்கும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையே அந்நேரத்துப் பிழை. அதனை அவ்வப்போதே கோலுக்கு அறிவிக்க, கோல் தன் கணக்கினின்றும் கழித்துக்கொள்ளும். மீட்டரில் இருந்த பிழை சில சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். ஒரே மூலத்திலிருந்து எழுதிய இரண்டு ஏடுகளை ஒப்புநோக்கி, எழுதியோன் கைப்பிழையைக் களைவது போன்றதென்று எமக்குத் தோன்றியது. நில அளவரிடம் அதைச் சொன்னோம். அவர் சிரித்தாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை.

இத்துணைக் கருவி இருந்தும் அவர் முதலில் தேடியது கல்லையே. புலப்படத்தின்படி அளக்கத் தொடங்க ஐயத்துக்கு இடமில்லாத இரண்டு கற்களேனும் வேண்டும். வடகிழக்கு மூலையில் ஒன்று கிடைத்தது. தென்மேற்கு மூலையில் இருக்கவேண்டியது இல்லை. சித்தப்பா அது மாமாவின் காலத்தில் பிடுங்கப்பட்டதென்றார். மாமா வாய்திறவாமல் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆச்சி அதுவரை வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து, தெற்கு ஓரத்து இரட்டைப் பனைக்குக் கிழக்கே முழங்கையால் மூன்று முறை அளந்து, "இங்கே வெட்டிப்பார் ஐயா" என்றார்கள். அவ்விடம் வேலியிலிருந்து எங்கள் பக்கமாக ஒதுங்கியிருந்தது.

ஒரு முழ ஆழத்தில் கல் இருந்தது. தலையில் அளவைத் துறையின் கீறல் குறியும் தெளிவாக இருந்தது. நில அளவர் புலப்படத்தின்படி இரண்டு கற்களுக்கும் இடையே தூரத்தைச் சரிபார்த்தார். ஒரு கையகல வேறுபாடுதான். அக்கல்லிலிருந்து மேற்கெல்லை எடுத்தபோது, கிணறு முழுவதும் மாமாவுடையதாயிற்று. அதுமட்டுமன்று, எங்கள் வேலியே அவர் நிலத்துள் நான்கடி சென்றிருந்தது. எவரும் பேசவில்லை.

"வேலி போட்ட ஆண்டு வாய்க்கால் உடைந்து மண் மூடிவிட்டது. கல் தெரியவில்லை என்று உங்கள் தாத்தா பனையை வைத்து வேலி போட்டார். கல் இருக்குமிடம் எனக்குத் தெரியும். சொன்னேன், கேட்கவில்லை. பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை" என்றார்கள் ஆச்சி. மாமாவுக்கும் இது தெரிந்தே இருந்ததாம். நான்கடிக்காக அண்ணாச்சியிடம் போய் நிற்பதா என்று அவர் நாற்பது ஆண்டு வாளாவிருந்திருக்கின்றார். பிறனுடைய எல்லைக் குறியைப் பெயர்ப்பதற்கு எதிராக மோசேயின் நியாயப்பிரமாணத்தில் கட்டளை உண்டென்பதை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர் யாம்.

நில அளவைப் பெருமக்களுக்கும் இத்தகைய இடர்கள் இல்லாமலில்லை என்பதை எண்ணி ஒருவாறு தேறினோம். 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்டன் என்னும் படைத்தலைவர் நூறடிச் சங்கிலியால் ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அச்சங்கிலி சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுசெல்லப்பட்டு மீண்டது என்பர். அங்கிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அவ்வளவை தெற்கே குமரிமுனை வரை இறங்கியது. பின்பு வடக்கே இமயம் வரை ஏறியது. மலையற்ற சோழநாட்டுச் சமவெளியில் தொலைவை நோக்க உயரமான இடம் வேண்டி, 1808-ல் அரை டன் எடையுள்ள தம் கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றச் செய்தார். கயிறு தவறிக் கருவி சுவரில் மோதி நசுங்கிற்று. வேறொருவராயின் வேலையைக் கைவிட்டிருப்பர். லாம்டனோ கூடாரத்துள் புகுந்து, வாரக்கணக்கில் உழைத்து, வளைந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாகத் தம் கையாலேயே நிமிர்த்தினார். அவ்வாறு நிமிர்த்திய வட்டத்தால் அளந்த கோணங்களே நம் நாட்டு நிலப்படத்தின் அடிப்படையில் உள்ளன. இற்றைநாள் படத்தில் விரலால் தொட்டு ஊரைப் பெரிதாக்கும்போது அந்தக் கூடாரத்தை எவர் நினைக்கின்றார்?

அவ்விராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் நெடுமையைச் சாதித்தவர்க்கும் அரைச் சாண் பிழை பெரிதாயிருந்தது. எமக்கோ ஆறு மீட்டர் சிறிதாகவும் தோன்றவில்லை, பெரிதாகவும் தோன்றவில்லை, பிழையென்றே தோன்றவில்லை. எத்தனை மீட்டர் வரை இக்கோடு தவறலாம் என்று கைப்பேசியைக் கேட்க எமக்குத் தெரிந்திருக்கவில்லை. நீலப்புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் எப்போதும் தோன்றும்; அதுவே கருவி தன் ஐயத்தை ஒப்புக்கொள்ளும் குறி என்று நண்பர் பின்னர் எழுதினார். அதனை அழகுக்கென்று எண்ணியிருந்தோம்.

அன்று மாலையே மாமாவின் வீட்டுக்குச் சென்றோம். சித்தப்பாவும் உடன்வந்தார், வாயிலிலேயே நின்றார். மாமா காப்பி கொடுக்கச் சொன்னார். மன்னிப்புக் கேட்கும் சொற்களை வழியெல்லாம் கோத்துக்கொண்டு சென்றும், அவர்முன் ஒன்றும் வரவில்லை. அவர்தாம் பேசினார். "படிக்கிற பிள்ளை, கருவியைத் தொட்டுப் பார்க்கத்தான் செய்வாய். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். மறுநாள் காலை வாய்க்காலில் தண்ணீர் வந்தது. வெண்டை பிழைத்தது, கத்தரி பிழைக்கவில்லை. வேலியைப் பெயர்த்து நடும் வேலை அறுவடைக்குப் பிறகென்று இருவரும் பேசி முடித்துள்ளனர்.

விடுமுறை முடிந்து புறப்படுமுன், நில அளவர் தம் கோலால் எடுத்துத் தந்த அக்கல்லின் எண்களை ஆச்சியின் வேதாகமத்தில் எழுதினோம். அதன் முதல் வெற்றேட்டில் எங்கள் குடும்பத்தின் பிறப்பும் திருமணமும் இறப்பும் தாத்தாவின் கையெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. தாத்தாவின் மறைவு நாளுக்குக் கீழே வடக்கு இத்தனை பாகை, கிழக்கு இத்தனை பாகை எனப் புள்ளிக்குப்பின் பல இலக்கங்களோடு எழுதி, ஆச்சிக்கு உரக்க வாசித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டார்கள். பிறகு, இரட்டைப் பனைக்குக் கிழக்கே மூன்று முழம், ஒரு முழ ஆழம் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொன்னார்கள்.